பதினேழாம் பாலத்துக் கட்டைகள்

"அப்பா, கொஞ்சம் பேசுங்களேன். பதிவாகிட்டிருக்கு," என்று மகள் கைப்பேசியைச் சமையலறை மேசைமேல் வைத்தாள்.

"என்னத்தப் பேச?"

"பதினேழாம் பாலத்தைப் பத்தி. ஒரே ஒரு வரி போதும். போர்டுல உங்க படத்துக்குக் கீழ போடணும். சாயங்காலத்துக்குள்ள அச்சுக்குப் போகுது."

அவள் அப்பா கீமேன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அவர் எங்கே பார்க்கிறார் என்பதை அவர் மனைவி கேட்டம்மா பார்த்தாள். சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, இப்போதுதான் துடைத்து முடித்த அடுப்பை மறுபடியும் துடைக்கத் தொடங்கினாள்.

ஊர் அவர்கள் இருவரையும் வேலையின் பேரால்தான் இன்றைக்கும் கூப்பிட்டது. தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்புக்குச் சாவி என்று பெயர். ரயில் ஓட ஓட அது நழுவும். நழுவியதைச் சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளிக்கொண்டே தினமும் எட்டு மைல் நடந்தவர் அவர். அதனால் கீமேன். ஒன்பதாம் நம்பர் ரயில்வே கேட்டை இருபது வருடம் மூடித் திறந்தவள் அவள். அதனால் கேட்டம்மா. ரயில் நின்றுபோய் இருபத்து மூன்று வருடமாகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பாதை முள்ளும் புதருமாகக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாருக்கோ யோசனை தோன்றி, அதை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான பூங்காப்பாதையாக மாற்றத் தொடங்கினார்கள். அந்தப் பாதை அலுவலகத்தில், வழியெங்கும் நிற்கப்போகும் வரலாற்றுப் பலகைகளை எழுதுவதுதான் மகளின் வேலை.

"சரி, நான் எழுதினதை வாசிக்கிறேன். தப்பிருந்தா சொல்லுங்க," என்றாள் மகள். "'எண்பத்தொரு ஆண்டுகள் ஒரு விபத்தும் இன்றி ரயில்களைச் சுமந்தது இந்தப் பாலம். இதன் ஒவ்வொரு ஆணியையும் அறிந்த கீமேன், கீழே கிடந்த ஒரு நட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துச் சென்றதில்லை.' எப்படி?"

கேட்டம்மாவின் கையிலிருந்த துணி அடுப்புக்குப் பின்னால் விழுந்தது.

"நட்டு விஷயம் வேண்டாம்," என்றார் கீமேன்.

"அதுதாம்பா அழகே! எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். அதை வச்சுத்தான் எனக்கு இந்த வேலையே கிடைச்சுது."

"வேண்டாம்னா வேண்டாம்."

"அம்மா, நீயாவது சொல்லேன்."

"அவருக்குக் கூச்சம்டி," என்றாள் கேட்டம்மா. குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "நாளைக்கு என்ன ஏற்பாடு? அதச் சொல்லு."

"பத்து மணிக்குத் திறப்பு. பெரிய மனுஷங்க, ஊர்க்காரங்க எல்லாரும் மேற்குப் பக்கம் வந்து நிப்பாங்க. பழைய ஸ்டேஷன்ல இருந்து பள்ளிக்கூட பேண்டு வாசிச்சுக்கிட்டே கிழக்குப் பக்கமா வரும், நம்ம வீட்டைத் தாண்டித்தான். ரெண்டு கூட்டமும் பாலத்து நடுவுல சந்திக்கும். அங்க ஒரு போட்டோ. எப்படியும் முந்நூறு பேர்."

"பாலத்து மேலயா?" என்றார் கீமேன்.

"பின்ன, தண்ணிக்குள்ளயா? நீங்கதான்பா முன்னால நிக்கிறீங்க!"

அவள் சிரித்துக்கொண்டே தந்தையின் தலையில் முத்தமிட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். மணிச் சத்தம் பாதையில் தேய்ந்து மறைந்தது.

"அவகிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள் கேட்டம்மா.

"நீ சொல்லியிருக்கலாமே."

"கழட்டினது நீங்க."

"கேட்டது நீ."

அதுதான் விஷயம். இருவரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே பார்த்தார்கள். வெள்ளையடித்த ஆறு உத்தரங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஆள் இடுப்பகலம். மழைக்கு அசையாது, புயலுக்கு அசையாது. ரயிலைத் தாங்கிய கட்டைக்கு ஓட்டுக்கூரை எம்மாத்திரம்?

ரயில் ஓடிய கடைசி ஆறு வருடம், பதினேழாம் பாலத்தின் நடுத்தூணில் விரிசல் இருந்தது. வெள்ளம் வந்து போனபோது விட்ட விரிசல். புதுத்தூண் கட்டும்வரைக்கும் என்று சொல்லி, தூணை ஒட்டிப் பெரிய மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாலத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தார்கள். புதுத்தூண் வரவேயில்லை. ரயில்கள் ஊர்ந்து ஊர்ந்து கடந்தன. பிறகு ரயிலே நின்றுபோனது. அதே மழைக்காலத்தில் கேட்டை ஒட்டிய அவர்கள் வீட்டுச் சமையலறைக் கூரை பொத்தென்று விழுந்தது. பத்து வயது மகள் இருமிக்கொண்டு கிடந்தாள். "பாலத்துக்கடியில அவ்வளவு கட்டை சும்மாதான கிடக்கு, இனிமே எந்த ரயில் வந்து அது மேல போகப்போகுது?" என்று கேட்டவள் கேட்டம்மா. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நாலாம் நாள் கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார் கீமேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சும் இருவருக்குள் வந்ததில்லை.

"ஏங்க, அந்த விரிசலை இவங்க பாத்திருக்க மாட்டாங்களா? பாதை வேலை பாக்கிற அந்த மஞ்சத் தொப்பி எஞ்சினியர் டீ குடிக்கும்போதுகூடத் தொப்பியைக் கழட்டுறதில்ல. அவ்வளவு கவனமான ஆளு."

"எப்படித் தெரியும்? பெரிய அதிகாரி பரிசோதனைக்கு வர்றாருன்னு விரிசல் மேல சிமெண்டு பூசினதே நாங்கதானே? வெளிய இருந்து பாத்தா மொழுமொழுன்னு இருக்கும். முட்டு பாலத்தோட எந்த வரைபடத்துலயும் இல்ல. தற்காலிகம்னு வரையவேயில்ல."

"இந்த ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"சரளைக்கல்லு கொட்டுனாங்க, மண்ணுப்பாதைதான்னு நெனச்சேன். ஒத்தை ஒத்தையா நடந்து போவாங்க, சைக்கிள்ல போவாங்க, தாங்கும்னு நெனச்சேன். போன மாசம்தான் மேல கான்கிரீட்டு போட்டாங்க. அந்தக் கனம் வேற. இப்ப முந்நூறு பேரு. அதுலயும் கால் சேத்து நடக்கிற பிள்ளைங்க." அவர் மேசையை விரலால் தட்டினார். டக், டக், டக், டக். பேண்டு நடையின் தாளம்.

"நிறுத்துங்க அத."

"காலையில முதல் வேலையா எஞ்சினியரப் பாத்துச் சொல்லிடறேன்."

"கட்டையையும் சேத்துச் சொல்வீங்களா?"

அவர் பரணிலிருந்து பழைய தகரப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அதற்குள் சுத்தியலும், இரண்டு குச்சிகளுக்கிடையே கட்டும் ஒரு நீளச் சிவப்புக் கொடியும் இருந்தன.

விடிந்து அவள் எழுந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. குச்சியையும் காணோம், ஆளையும் காணோம். சுத்தியல் மட்டும் இருந்தது. கேட்டம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ரயில்வேக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். பாதையில் ஆபத்து என்றால் முதலில் கொடி, அப்புறம்தான் பேச்சு. குறுக்கே சிவப்பைக் கட்டிவிட்டால் எந்தக் கொம்பனும் தாண்ட மாட்டான். பெரிய அதிகாரியின் வண்டியே நின்றிருக்கிறது.

ஒன்பது மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"அம்மா! அப்பா என்ன பண்ணியிருக்கார் தெரியுமா?" மகளின் குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். "பழைய சிவப்புக் கொடியைப் பாலத்துக்குக் குறுக்க கட்டி வச்சிருக்கார்! எல்லாருக்கும் ஒரே குஷி. வரிசையில நின்னு போட்டோ எடுக்கறாங்க. எங்க மேலதிகாரி, இதை நிரந்தரமாவே வச்சிடலாமான்னு கேக்கறார்!"

"அப்பா என்ன சொன்னாரு?"

"'யாரும் போகாதீங்க, பாலம் சரியில்ல'ன்னு கத்தறார். அப்படியே அந்தக் காலம் மாதிரி! ஜனங்க கை தட்டறாங்கம்மா."

"எஞ்சினியர்?"

"'பெரியவரே, போன மாசம் ரோலரே இது மேல போச்சு, இந்த ஜனங்க எம்மாத்திரம்'னு சிரிச்சார். அப்பாகூட அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. என்னையே பாத்துக்கிட்டு நின்னார்."

"கட்டையைச் சொன்னாரா?"

"எந்தக் கட்டை?"

மகள் முன்னால் வைத்துச் சொல்லமாட்டார். செத்தாலும் சொல்லமாட்டார். கேட்டம்மாவுக்கு அது பளிச்சென்று புரிந்தது.

"நான் சொல்றத குறுக்க பேசாம கேளு. பாலத்துக்கடியில முட்டுக்கொடுத்திருந்த கட்டை எல்லாம் நம்ம சமையல்கட்டுல இருக்கு. நடுத்தூணு விரிசல். மேல சிமெண்டு பூசி மறைச்சிருக்கு. அந்தக் கட்டை இல்லாம அந்தப் பாலம் கனம் தாங்காது."

"அம்மா, விளையாடாத."

"உங்கப்பா விளையாடி என்னைக்காவது நீ பாத்திருக்கியா?"

மறுமுனையில் யாரோ "மேடம், ரிப்பன் எங்க?" என்று கூப்பிட்டார்கள். இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. நம்பினாளா, நம்பவில்லையா? அம்மாவுக்கு வயதாகிப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டாளா?

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. "ஐயோ, இது ஒத்தைப்பாதை!" என்று வாய்விட்டே சொன்னாள்.

ஒற்றைப்பாதையில் ரயில் இரண்டு திசையிலிருந்தும் வரும். அதனால் கொடியும் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். ஒரு ஆளாக இருந்தால் ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபக்கம் ஓட வேண்டும். கீமேனிடம் இருந்தது ஒரே ஒரு கொடி. அதை மேற்கே கட்டிவிட்டார், கூட்டம் அங்கே நிற்கிறதென்று. கிழக்கே ஒன்றுமில்லை. பேண்டு வருவது கிழக்கிலிருந்து.

தூரத்தில் ஸ்டேஷன் பக்கம் முரசு அதிரத் தொடங்கியிருந்தது.

சிவப்பாக ஏதாவது வேண்டும். பீரோவைத் திறந்தாள், பச்சை, நீலம், மறுபடியும் நீலம். "இத்தனை வருஷம் சிவப்பைப் பிடிச்சுப் பிடிச்சு, ஒரு சிவப்புத் துணி வாங்கத் தோணலையே பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கட்டிலில் கீமேனின் தலையணை கண்ணில் பட்டது. சிவப்பு உறை. உருவினாள். துணி காயப்போடும் கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் அவளுடைய பழைய கேட் நின்றது. பாதைக்காரர்கள் அதற்குப் புதுச் சிவப்பும் வெள்ளையும் அடித்து, காட்சிக்கு வைத்திருந்தார்கள். முன்பு சாலையை மறித்த கேட்டைத் திருப்பி, வண்டிகள் நுழையாமல் பாதையை மறிக்கிற மாதிரி மாட்டியிருந்தார்கள். இன்றைக்கு விழாவுக்காகத் திறந்து ஓரமாக ஒதுக்கியிருந்தது. இருபது வருடமும் ரயிலுக்கு வழிவிட்டு ஊரை நிறுத்தி வைத்தவள் அவள். பாதையை அவள் ஒருநாளும் மூடியதில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கீல் கிரீச்சிட்டது, நகர்ந்தது, பாதைக்குக் குறுக்கே வந்து நின்றது. கயிற்றால் கம்பத்தோடு நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். நடுவில் தலையணை உறையைக் கட்டினாள்.

வளைவில் பேண்டு தெரிந்தது. அறுபது பிள்ளைகள். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஊதுகுழல்கள், ஒரே நேரத்தில் தூக்கி ஒரே நேரத்தில் வைக்கும் கால்கள். முன்னால் விசில் ஊதியபடி இசை டீச்சர்.

"நில்லுங்க! நில்லுங்க!" கேட்டம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

டீச்சர் கையை உயர்த்தினாள். வாசிப்பு ஒவ்வொன்றாக அறுந்தது. பின்னாலிருந்த பெரிய முரசு மட்டும் இரண்டு அடி அதிகமாக அடித்துவிட்டு நின்றது.

"என்னம்மா இது? இன்னிக்குப் போய் கேட்டை மூடி வச்சிருக்கீங்க?"

"பாலம் சரியில்ல டீச்சர். பிள்ளைங்கள அங்க கொண்டுபோகாதீங்க."

"யார் சொன்னது?"

"நான்தான்."

"நீங்க யாரு?"

"கேட்டம்மா."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சருக்கு முகம் சிவந்தது. "அம்மா, பத்து மணிக்கு நாங்க அங்க நிக்கணும். மூணு மாசம் ஒத்திகை பாத்திருக்கோம். ஏதாவது சொல்லணும்னா எஞ்சினியர்கிட்ட சொல்லுங்க. இப்ப தயவுசெஞ்சு திறங்க."

"திறக்க மாட்டேன்."

"பக்கத்துல சந்து இருக்கு டீச்சர், சுத்திப் போயிடலாம்," என்றாள் ஒரு ஊதுகுழல்காரி.

"நீ வாய மூடுடி ராசாத்தி!" என்று கேட்டம்மா அலறினாள். பிறகு குரலைத் தணித்து, கேட்டின் கம்பியை இறுகப் பிடித்தபடி சொன்னாள்: "டீச்சர், அந்தப் பாலத்தைத் தாங்கிக்கிட்டிருந்த கட்டையத் திருடினது நாங்கதான். என் வீட்டுக் கூரையில இருக்கு. உள்ள வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் போறதுன்னா போங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் அவளையும், வீட்டையும், பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாரும் அங்கயே உக்காருங்க," என்றாள் கடைசியில். "ஒருத்தர்கூட நகரக் கூடாது."

டீச்சர் கைப்பேசியில் கூப்பிட, கால் மணி நேரத்தில் சைக்கிளில் எஞ்சினியர் வந்து சேர்ந்தார். மஞ்சள் தொப்பி, மடிப்புக் கலையாத கால்சட்டை. பாலத்தின் மேலேயே மிதித்து வந்திருக்கிறார். "யார் கேட்டை மூடினது? அங்க எல்லாரும் காத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் பாலத்துக்கு அடியில் ஓடும் ஓடையின் சரிவிலிருந்து கீமேன் ஏறி வந்தார். இடுப்புவரை ஈரம். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மகள். அவளுக்கும் இடுப்புவரை ஈரம், ஒரு செருப்பைக் காணவில்லை.

மகள் பாலத்தில் கால் வைக்கவில்லை. தண்ணீரில் இறங்கி வந்திருக்கிறாள். அப்படியானால் நம்பியிருக்கிறாள்.

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. "சார், உள்ள வாங்க," என்றாள் எஞ்சினியரிடம்.

சமையலறையில் நாற்காலி மேல் ஏறிக் கீமேன் கத்தியால் உத்தரத்தைச் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்து அவர் முடியிலும் தோளிலும் விழுந்தது. அடியில் கறுப்பு எண்ணெய் பூசிய மரம், அதில் மஞ்சள் சாயத்தில் எழுத்து: பா. 17. பக்கத்தில் இரும்புப் பட்டை பதிந்த தழும்பு.

"இத மாதிரி ஆறு இங்க. கொல்லையில கோழிக்கூண்டுக்கு ரெண்டு," என்றார் கீமேன். "எடுத்தவன் நான்."

"எடுக்கச் சொன்னது நான்," என்றாள் கேட்டம்மா.

எஞ்சினியர் அந்த எழுத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "சுத்தியல் இருக்கா?" என்று கேட்டார்.

கீமேனுடைய சுத்தியலை எடுத்துக்கொண்டு நான்கு பேரும் ஓடைக்கு நடந்தார்கள். நடுத்தூணின் மேல் செடிகொடி படர்ந்திருந்தது. கீமேன் அதை விலக்கி, ஒரு இடத்தைக் கையால் தடவிக் காட்டினார். எஞ்சினியர் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஓங்கி ஒரு அடி போட்டார். ஒன்றுமில்லை. இரண்டாவது அடி. பானையைத் தட்டியதுபோல் உள்ளே வெற்றொலி. மூன்றாவது அடிக்குச் சிமெண்டு ஒரு கதவு அகலத்துக்குப் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. பின்னால் இருந்த பிளவில் எஞ்சினியர் விரலை விட்டார். பிறகு கையை விட்டார். முழங்கைவரை போனது. கையை உருவி, தலையிலிருந்து மஞ்சள் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு முன்வழுக்கை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"ரோலர் போனப்ப நான் மேலதான் நின்னுக்கிட்டிருந்தேன்," என்றார் மெல்ல.

அவர் மேலே ஏறிப் போய்க் கைப்பேசியில் பேசத் தொடங்கினார். மேற்குப் பக்கக் கூட்டம் முனகியபடி கலைய ஆரம்பித்தது. யாரோ ஒலிபெருக்கியில் திறப்புவிழா தள்ளிவைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். காரணம் சொல்லவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் எல்லார் வாய்க்கும் போய்விடும் என்று கேட்டம்மாவுக்குத் தெரியும். நட்டுக்கதை எத்தனை பேருக்குத் தெரியுமோ அத்தனை பேருக்கும்.

"எழுதித்தான் ஆகணும் பெரியவரே," என்றார் எஞ்சினியர், திரும்பி வந்து. "கட்டை எங்க போச்சுன்னு அறிக்கையில கேப்பாங்க."

"எழுதுங்க."

"இவங்க உங்க மகள்னும் தெரிஞ்சுதான் போகும்."

மகள்தான் பதில் சொன்னாள். "தெரியட்டும் சார். போர்டு அச்சாகி வந்திருக்கு. அதை நானே போய்த் திருப்பி எடுத்துக்கறேன்."

சொல்லிவிட்டு அவள் யாரையும் பார்க்காமல், ஒற்றைச் செருப்போடு கிழக்கே நடந்தாள். கீமேன் ஓடையைக் கடந்து மேற்கே போய், விலக்கி வைத்திருந்த தன் கொடியை எடுத்து மறுபடி குறுக்கே கட்டி, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பழுதுபார்க்க ஆள் வரும்வரை கொடி வைத்தவன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

கேட்டம்மா கேட்டுக்குத் திரும்பியபோது பேண்டு பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். மகள் கேட்டுக்கு முன்னால் நின்றாள்.

"எனக்கு அப்பப் பத்து வயசு," என்றாள் மகள். "அந்தக் கூரையைப் பாத்துக்கிட்டேதான் படுத்திருந்தேன். 'எங்கப்பா எங்கிருந்து கட்டை வாங்கினார்'னு ஒரு தடவைகூட நான் கேட்டதில்ல."

"கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"உன் வேலைக்கு ஏதாவது..."

"இப்ப அதப் பேசாதம்மா. இன்னிக்கு உன்கூட எதுவும் பேசுற மாதிரி இல்ல நான்."

ஆனால் போகவும் இல்லை. தலையணை உறையின் ஒரு முடிச்சு அவிழ்ந்து தொங்கியது. அதை எடுத்து இறுக்கிக் கட்டினாள்.

சைக்கிள் மணி கேட்டது. கட்டம்போட்ட சட்டை போட்ட ஒருவர், விஷயம் தெரியாதவர், கேட்டின் முன்னால் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"என்னம்மா, திறப்புவிழான்னாங்க, மூடி வச்சிருக்கீங்க? எப்பத் திறப்பீங்க?"

கேட்டம்மா வாயைத் திறக்குமுன் மகள் சொன்னாள்.

"அந்தப் பக்கம் எங்கப்பா கொடியை எடுத்தப்புறம்."